ஐரிஷ் மொழியில் கோபப்படுவது எப்படி: ‘ஃபரகஹ்’ என்ற ஒரே சொல்லை முழுதாகக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஐரிஷ் மொழி கற்க ஆரம்பிக்கும் தமிழருக்கு நான் முதலில் கையில் கொடுக்கும் சொல் ‘ஃபரகஹ்’. கோபமான, சினம் கொண்ட என்று பொருள். வணக்கம், நன்றி எல்லாம் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். இந்த ஒரு பெயரடையைச் சரியாகக் கற்றால் அந்த மொழியின் பால், எண், வேற்றுமை, முதலெழுத்து மாற்றம் என நான்கும் கைக்கு வந்துவிடும். இதே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான சொற்கள் அந்த மொழியில் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்தால் மற்றவையும் பின்னால் வரும்.

முதலில் எழுத்துக்கூட்டு. ரோமன் எழுத்தில் எஃப், ஈ, ஏ, ஆர், ஜி, ஏ, சி, எச் என்று எட்டு எழுத்து. இதன் வேர், கோபம் என்ற பெயர்ச்சொல், முதல் ஐந்து எழுத்து மட்டும்: எஃப், ஈ, ஏ, ஆர், ஜி. அதை ‘ஃபரக்’ என்று சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியில் எல்லா வடிவங்களையும் தமிழ் எழுத்தில் ஒலிக்குக் கிட்டத்தட்டவே எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டு தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வாய்க்குப் பழக்குங்கள்

ஐந்து எழுத்தைப் பார்த்தால் ‘ஃபர்க்’ என்று ஓரசையாகச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லக் கூடாது. ரகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவில் எழுத்தில் இல்லாத ஒரு சின்ன உயிர் ஒலி வரும்: ஃப-ரக். நமக்கு இது புதிதே இல்லை. ‘தர்மம்’ என்பதைத் ‘தருமம்’ என்றும், ‘கர்மம்’ என்பதைக் ‘கருமம்’ என்றும் நம் நாக்கு எந்தக் காரணத்துக்காகப் பிரித்ததோ, அதே காரணம்தான் இங்கேயும். ஐரிஷில் சிவப்புக்கு உரிய சொல்லையும், நீலத்துக்கு உரிய ‘கொரம்’ என்ற சொல்லையும் இப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழர் தடுமாற வேண்டியதில்லை.

அப்புறம் சொல்லின் கடைசி ஒலி. சி, எச் சேர்ந்து வரும் அந்த ஒலியை ‘ஹ்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அது வெறும் மூச்சு இல்லை, தொண்டையின் மேல்பகுதியில் உரசி வரும். ‘எஃகு’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ககரத்துக்கு முன்னால், ஆய்தத்தில் ஒரு கணம் காற்று உரசுகிறதே, அந்த இடம்தான். அங்கேயே நிறுத்தினால் ‘ஃபரகஹ்’ சரியாக முடியும். நடுவில் வரும் ககரத்தைத் ‘தங்கம்’ என்பதில் வருவது போல அதிர்வோடு சொல்லுங்கள்.

ஒலியைச் சரிபார்க்க ‘டீங்லன்’ என்ற இணைய அகராதி இருக்கிறது. அங்கே கொனாக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர் என்ற மூன்று வட்டார உச்சரிப்புகளையும் கேட்கலாம். மூன்றையும் கேளுங்கள், ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். கலந்தால் பிறகு திருத்துவது கஷ்டம். அயர்லாந்துக் குடியரசின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். அதனால் நீங்கள் நேரில் பேசிப் பழகக்கூடிய ஆள் எந்த வட்டாரமோ, அந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தலையெழுத்து மாறுவதைக் கவனியுங்கள்

ஐரிஷில் பெயர்ச்சொல் முன்னால் வரும், பெயரடை அதன் பின்னால் வரும். ‘ஃபர்’ என்றால் ஆண், ஆள். கோபமான ஆள் ‘ஃபர் ஃபரகஹ்’. சரி, எந்த மாற்றமும் இல்லை.

‘பன்’ என்றால் பெண். கோபமான பெண் ‘பன் அரகஹ்’. ஃபகரம் எங்கே போனது?

எழுத்தில் அது அங்கேயேதான் இருக்கிறது. எஃப் எழுத்துக்குப் பின்னால் ஒரு எச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐரிஷ் இலக்கணத்தில் இதற்கு ‘ஷேவூ’ என்று பெயர். மென்மையாக்கல் என்று சொல்லலாம். மற்ற மெய்கள் இந்த மாற்றத்தில் வேறொரு ஒலியாக இளகும். பகரம் வகரமாகும், மகரமும் வகரமாகும். ஃபகரம் மட்டும் இளகி இளகி ஒன்றுமே இல்லாமல் போய்விடும். எஃப், எச் இரண்டும் எழுத்தில் நிற்கும், வாயில் வராது.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. பழைய ஐரிஷ் ஏடுகளில் எச் சேர்க்கும் வழக்கம் எஃப் எழுத்துக்கு இல்லை. எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். லத்தீன் ஏடுகளைப் படியெடுத்தவர்கள் தவறாக எழுதிய எழுத்தை நீக்கியதாகக் காட்ட வைத்த அதே புள்ளி அது. எஃப் ஒலிக்காது என்பதால், ‘இதை நீக்கிவிட்டுப் படி’ என்று அந்தப் புள்ளியே சொன்னது. பிறகு அச்சிலும் பள்ளிப் புத்தகத்திலும் இளகும் மெய்களுக்கெல்லாம் அதே புள்ளி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி போய் அதன் இடத்தில் எச் வந்து உட்கார்ந்தது. மெய்யின் தலையில் புள்ளி வைத்து அகரத்தை நீக்கும் நமக்கு, புள்ளி வைத்து மெய்யையே நீக்கிய அந்த எழுத்துக்காரர்களின் மனம் எளிதில் புரியும்.

பெண்பால் பெயர் ஒருமையில் எழுவாயாக நின்றால் அதன் பின் வரும் பெயரடை மென்மையாகும். இதுதான் முதல் விதி. ‘அந்தப் பையன்’ என்று எழுதும்போது ஏன் ப் மிகுகிறது என்று யோசித்துக்கொண்டா எழுதுகிறோம்? அந்த அளவுக்கு இது பழகிவிட வேண்டும். அதற்கு ஒரே வழி, பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் பெயரடையோடு சேர்த்தே சொல்லிப் பழகுவது. கடிதத்துக்கு ‘லிதிர்’ என்று பெயர், பெண்பால். கோபமான கடிதம் ‘லிதிர் அரகஹ்’. கூட்டம் ‘ஸ்லூஅ’, ஆண்பால். கோபமான கூட்டம் ‘ஸ்லூஅ ஃபரகஹ்’. குரல் ‘குஹ்’, ஆண்பால். கோபமான குரல் ‘குஹ் ஃபரகஹ்’. உயிரற்ற கடிதத்துக்குப் பெண்பாலும் கூட்டத்துக்கு ஆண்பாலும் ஏன் என்று காரணம் தேடினால் கிடைக்காது. நம் உயர்திணை, அஃறிணைக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வால் மாறும் மூன்று இடங்கள்

தலையைப் பார்த்தாயிற்று. இனி சொல்லின் கடைசி. அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஏ1’ என்று ஒரு குறி இருக்கும். முதல் வகைப் பெயரடை என்று அர்த்தம். அந்த வகையில் இந்த வாய்ப்பாட்டுச் சொற்களுக்கு மூன்று வால்கள் உண்டு.

ஒன்று, ஆண்பால் ஆறாம் வேற்றுமை. கோபமான ஆளின் வீடு என்று சொல்ல வேண்டும். ‘ஃபர்’ என்பது ‘அன் இர்’ ஆகும். ‘அன்’ என்பது ‘அந்த’ என்பது போன்ற சுட்டு. அதன் பின்னால் ஆளின் ஃபகரமும் இளகி மறைந்துவிட்டது. பெயரடையும் கூடவே மாறி ‘அரகீ’ ஆகும். சேர்த்துச் சொன்னால் ‘அன் இர் அரகீ’, அந்தக் கோபமான ஆளின். எழுத்தில் கடைசி சி, எச் போய், ஏ, ஐ, ஜி, எச் என்று முடியும். தலையில் மென்மையாக்கல், வாலில் மாற்றம், இரண்டும் ஒரே நேரத்தில். முதல் முறை காதில் விழும்போது இரண்டு ஃபகரமும் காணாமல் போயிருப்பதால் இது அந்தச் சொல்தான் என்றே தெரியாது. பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஃபர் ஃபரகஹ், அன் இர் அரகீ.

இரண்டு, பெண்பால் ஆறாம் வேற்றுமை. கோபமான பெண்ணின் என்பது ‘ந ம்னா ஃபரகீ’. இங்கே தலை மாறாது, ஃபகரம் திரும்பி வந்துவிடும். எழுத்தில் முடிவது நீண்ட ஐ: ஏ, பிறகு மேலே கோடு போட்ட ஐ. பாருங்கள், எழுவாயில் பெண்பாலுக்கு இளகியது, ஆண்பாலுக்கு இளகவில்லை. ஆறாம் வேற்றுமையில் அப்படியே தலைகீழ். கற்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். இன்னொரு விஷயம், ‘ம்னா’ என்பதை மேற்கிலும் வடக்கிலும் ‘ம்ரா’ என்றே சொல்வார்கள். கேட்டுக் குழம்ப வேண்டாம்.

இந்த இரண்டு வால்களும் கொனாக்டிலும் அல்ஸ்டரிலும் காதுக்கு ஒன்றுதான், ‘ஈ’. மன்ஸ்டரில் அப்படியில்லை. அங்கே ஜி, எச் என்று முடியும் ஆண்பால் வடிவத்தைக் ககரம் தெளிவாகக் கேட்கும்படி ‘அரகிக்’ என்பார்கள். பெண்பாலை ‘ஃபரகீ’ என்பார்கள். எழுத்து ஏன் இரண்டு விதமாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், தெற்கே ஒருவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள் என்பதுதான் பதில்.

மூன்று, பன்மை. ‘ஃபரகஹ்’ என்பதன் கடைசியில் ஓர் அகரம் சேர்ந்து ‘ஃபரகஹ’ ஆகும். கோபமான பெண்கள் ‘ம்னா ஃபரகஹ’. கோபமான கடிதங்கள் ‘லித்ரஹ ஃபரகஹ’. ஆனால் கோபமான ஆண்கள் ‘ஃபிர் அரகஹ’. இங்கே மட்டும் ஏன் ஃபகரம் போனது? பெயரின் பன்மை வடிவம் மெல்லிய மெய்யில் முடிந்தால், அதாவது எழுத்தில் ஐ-க்குப் பின் வரும் மெய்யில் முடிந்தால், பின்னால் வரும் பெயரடை இளகும். ‘ஃபிர்’ அப்படி முடிகிறது. ‘ம்னா’ உயிரில் முடிகிறது, அதனால் இளகவில்லை. இதில் பாலுக்கு வேலையே இல்லை, ஒலிதான் தீர்மானிக்கிறது. நம் புணர்ச்சி விதிகளை விரும்பிப் படித்தவருக்கு இந்த இடம் நிச்சயம் பிடிக்கும்.

பன்மையில் ஆறாம் வேற்றுமை கொஞ்சம் தனி. ‘ஃபர்’ போன்ற சில பெயர்கள் அங்கே ஒருமை வடிவத்துக்கே திரும்பும். கூடவே பெயரடையும் பன்மை வாலைக் கழற்றிவிடும்: ‘ந வர் ஃபரகஹ்’, கோபமான ஆண்களின். ‘வர்’ என்பது ஃபர்தான். சுட்டுக்குப் பின் எஃப் எழுத்துக்கு முன்னால் பி, எச் வந்து மூடிக்கொண்டது. இந்த மூடல் பெயருக்கு மட்டும்தான், பின்னால் வரும் பெயரடைக்கு வராது. கடிதம் போல வேற்றுமை எதுவானாலும் பன்மை மாறாத பெயர்களுக்குப் பெயரடையும் ‘ஃபரகஹ’ என்றே நிற்கும்.

எண்ணுப்பெயர் வந்தால் ஒரு வேடிக்கையான நிலை. இரண்டு கோபமான கடிதங்கள் ‘கா லிதிர் அரகஹ’. கடிதம் ஒருமை, பெயரடை பன்மை. முதல் பாதி நமக்கு இயல்பு. ‘ரெண்டு கடிதம் வந்திருக்கு’ என்றுதானே பேசுகிறோம். பெயரடையைப் பன்மையாக்க மறந்துவிடக் கூடாது, அதுதான் கவனிக்க வேண்டியது.

விளி வேற்றுமையும் உண்டு. கோபக்காரரே என்று ஓர் ஆணை அழைத்தால் ‘அ இர் அரகீ’, பெண்ணை அழைத்தால் ‘அ வன் அரகஹ்’. ஆணுக்கு ஆறாம் வேற்றுமை வடிவம், பெண்ணுக்கு எழுவாய் வடிவம். இதை வாழ்க்கையில் அதிகம் பயன்படுத்தப் போவதில்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நான்காம் படி: எங்கே மாறவே கூடாது

இவ்வளவு மாற்றத்தையும் கற்ற பிறகு கை துறுதுறுவென்று எல்லா இடத்திலும் மாற்றப் பார்க்கும். இங்கே நிறுத்துங்கள்.

‘அன் வன் அரகஹ்’ என்றால் அந்தக் கோபமான பெண். ‘தா அன் வன் ஃபரகஹ்’ என்றால் அந்தப் பெண் கோபமாக இருக்கிறாள். ‘தா’ என்பது இருக்கிறது என்னும் வினை. ஐரிஷில் வினை முதலில் வரும். பெயரடை பெயரை ஒட்டி அடையாக நிற்காமல், வாக்கியத்தின் பயனிலையாக நின்றால் அதில் எதுவும் மாறாது. பால், எண் எதுவும் பொருட்டில்லை. அந்தப் பெண்கள் கோபமாக இருக்கிறார்கள் என்பதும் ‘தா ந ம்னா ஃபரகஹ்’தான். வாலில் பன்மை அகரம் கிடையாது.

தமிழில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. நீங்கள் சொல்ல நினைப்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘கோபமான’ என்று வந்தால் சொல் மாறும். ‘கோபமாக’ என்று வந்தால் மாறாது. ‘ஆன’, ‘ஆக’ இரண்டும் போதும். நான் பார்த்தவரை இந்த விதியை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் ஆகிறது.

ஆனால் ‘ஆக’ என்பதில் ஒரு பிரிவு உண்டு. கோபமாக இருந்தாள், கோபமாகப் பேசினாள் இரண்டுக்கும் நமக்கு ஒரே வடிவம். ஐரிஷில் முதலாவதற்கு வெறும் ‘ஃபரகஹ்’, இரண்டாவதற்கு முன்னால் ‘கொ’ சேர வேண்டும்: ‘லௌர் ஷீ கொ ஃபரகஹ்’, அவள் கோபமாகப் பேசினாள். எப்படிச் செய்தாள் என்று கேட்டால் ‘கொ’ வரும். எப்படி இருந்தாள் என்று கேட்டால் இந்தச் சொல்லுக்கு ‘கொ’ வராது.

ஐந்தாம் படி: கூடவும் குறையவும்

ஒப்பிடும்போது தமிழில் பெயரடை மாறாது, ‘விட’ சேர்த்தால் போதும். ஐரிஷில் மாறும். நல்ல வேளை, புதிய வடிவம் எதையும் கற்க வேண்டாம். பெண்பால் ஆறாம் வேற்றுமையில் பார்த்த ‘ஃபரகீ’தான் இங்கேயும். ‘தா ஷீ நீஸ் ஃபரகீ நா மிஷ’, அவள் என்னைவிடக் கோபமாக இருக்கிறாள். எல்லாரிலும் அதிகம் கோபமான பெண் ‘அன் வன் இஸ் ஃபரகீ’. கடந்த காலக் கதையில் ‘நீஸ்’ என்பதற்குப் பதில் ‘நீ பரகீ’ என்று வரும். ஃபகரம் இளகி, அந்த இடத்தில் முன்சொல்லின் பகரம் ஒட்டிக்கொள்ளும்.

மிகவும் என்று சொல்ல ‘அன்’, அளவுக்கு மீறி என்று சொல்ல ‘ரோ’ ஆகியவை சொல்லோடு ஒட்டும். இரண்டும் ஃபகரத்தை மறைத்துவிடும்: ‘அன் அரகஹ்’, ‘ரோ அரகஹ்’.

ஆறாம் படி: உண்மையில் எப்படிச் சொல்வார்கள்

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வழிகாட்டி எழுதவே காரணம். ‘தா மே ஃபரகஹ்’, நான் கோபமாக இருக்கிறேன் என்பது இலக்கணப்படி சரி, சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த மொழியில் ஊறியவர் வாயில் முதலில் வருவது ‘தா ஃபரக் ஒரம்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘இருக்கிறது கோபம் என்மேல்’. பெயரடையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லுக்குப் போய்விட்டார்கள்.

பசி, தாகம், துக்கம், பயம் எல்லாமே ஐரிஷில் இப்படி மனிதர் மேல் வந்து உட்காரும். ‘தா ஒக்ரஸ் ஒரம்’, எனக்குப் பசிக்கிறது. ‘தா ப்ரோன் ஒரம்’, எனக்கு வருத்தம். மன்னிப்புக் கேட்கவும் இதைத்தான் சொல்வார்கள். ‘எனக்குக் கோபம்’, ‘எனக்குப் பசி’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நாம் இந்த அமைப்பை உடனே நம்முடையதாக உணர்வோம். ‘ஹானிக் ஃபரக் ஒரம்’ என்றால் ‘வந்தது கோபம் என்மேல்’, அதாவது எனக்குக் கோபம் வந்தது. நமக்கும் கோபம் வரத்தானே செய்கிறது.

ஆபத்து அந்த ‘மேல்’ என்பதில் இருக்கிறது. தமிழில் ‘என்மேல் கோபம்’ என்றால் வேறு யாரோ என்னைக் கோபிக்கிறார்கள். ஐரிஷில் ‘ஃபரக் ஒரம்’ என்றால் கோபிப்பவன் நான். நேர் எதிர். இந்த ஒரு சொல்லில் ஏமாந்து, ஒரு வாசகத்தில் யார் யாரைக் கோபித்தார்கள் என்பதை நான் முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பல பக்கம் படித்திருக்கிறேன். கோபம் யாரிடம் இருக்கிறதோ அவர்மேல் ‘மேல்’ வரும். இதை எழுதி ஒட்டிவையுங்கள்.

அப்படியானால் யாரைக் கோபிக்கிறோமோ அவரை எப்படிக் குறிப்பது? அதற்கு ‘ல’ என்ற முன்னிடைச்சொல். பொருள் ‘ஓடு’. ‘தா ஃபரக் ஒரம் லத்’, இருக்கிறது கோபம் என்மேல் உன்னோடு. எனக்கு உன்மேல் கோபம். புருஷனோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்கிறோம் அல்லவா? அந்த ‘ஓடு’தான் இது. ‘உன்மேல்’ என்பதை மறந்து ‘உன்னோடு’ என்று நினைத்தால் வாக்கியம் தானாக அமைந்துவிடும்.

‘மேல்’ என்பது ஆளுக்கு ஏற்ப உருமாறும்: என்மேல் ‘ஒரம்’, உன்மேல் ‘ஒர்ட்’, அவன்மேல் ‘எர்’, அவள்மேல் ‘எர்ஹி’, நம்மேல் ‘ஒரின்’, உங்கள்மேல் ‘ஒரிவ்’, அவர்கள்மேல் ‘ஒர்ஹு’. இந்த ஏழையும் கோபத்தோடு சேர்த்தே சொல்லிப் பழகினால் பசிக்கும் தாகத்துக்கும் தனியாக உழைக்க வேண்டாம்.

பிறகு பெயரடை எதற்கு? கோபம் ஒரு பொருளின் தன்மையாகத் தெரியும்போது. குரல், பார்வை, கடிதம், கூட்டம் போன்றவை மேல் கோபம் வந்து உட்காராது, அவையே கோபமாக இருக்கும். அங்கே ‘ஃபரகஹ்’ கச்சிதமாகப் பொருந்தும். வந்து போகும் கோபத்துக்குப் பெயர்ச்சொல், தன்மையாகத் தெரியும் கோபத்துக்குப் பெயரடை என்று ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் முற்றினால் இரண்டுமே போதாது. ‘எர் பில்ய’ என்றால் வெறிகொண்ட நிலை. அதற்கும் மேலே போனால் அந்தச் சொல்லின் முன்னால் சிவப்பைச் சேர்த்துச் ‘சிவந்த வெறி’ என்பார்கள். எனக்குப் பிடித்தது ‘தா ஷே ல கியங்கல்’: அவனைக் கட்டிப்போட வேண்டும், அந்த அளவுக்குக் கோபம்.

பயிற்சி

ஒரு வாரத்துக்குக் ‘லிதிர்’ என்ற ஒரே பெயரை வைத்துக்கொள்ளுங்கள். கோபமான கடிதம், கோபமான கடிதத்தின், கோபமான கடிதங்கள், இரண்டு கோபமான கடிதம், இதைவிடக் கோபமான கடிதம், கடிதம் கோபமாக இருக்கிறது என்று தினமும் ஒரு முறை எழுதுங்கள். அடுத்த வாரம் ‘ஃபர்’. மூன்றாம் வாரம் அதே வரிசையில் ‘ஃபரகஹ்’ என்பதை எடுத்துவிட்டு ‘ப்ரோனஹ்’, துக்கமான என்ற சொல்லைப் போடுங்கள். வால்கள் அப்படியே வரும்: ப்ரோனீ, ப்ரோனஹ. தலையில் மட்டும் பகரம் வகரமாகி ‘வ்ரோனஹ்’ என்று கேட்கும். அகராதியில் தேடும்போது இரண்டாவது எழுத்தாக எச் இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் சொல் கிடைக்காது.

கடைசியாக ஒரு வாக்கியம். ‘நா பீஹ் ஃபரக் ஒர்ட் லும்.’ இருக்க வேண்டாம், கோபம், உன்மேல், என்னோடு. யார் கோபித்தார்கள், யாரை என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்: என்மேல் கோபப்படாதே.